க்ளூட்டன் இல்லாத பழ ஸ்கோன் எழும்பாமல் பரந்து போகிறது, உதிர்கிறது: என்ன மாற்ற வேண்டும்?

ஈரமாவு (கேள்வி):

வணக்கம். செலியாக் (கோதுமை போன்ற தானியங்களில் உள்ள க்ளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் நோய்) உள்ள ஒருவர் சாப்பிடுவதற்காக வீட்டில் பழ ஸ்கோன் (ஈஸ்ட் இல்லாமல் சுடும் சிறு வட்டப் பண்டம்) செய்ய வேண்டும். இப்போது போடும் அளவு இது: அரிசி மாவு 250 கிராம், பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூன், வெண்ணெய் 100 கிராம், சர்க்கரை 60 கிராம், பால் 100 மி.லி., உலர் திராட்சை 120 கிராம். முட்டை சேர்ப்பதில்லை. கையில் ஒட்டாத பதம் வந்ததும் 1.5 செ.மீ. கனத்துக்குத் தட்டி, வட்டமாக வெட்டி, அவனில் (oven) 180 டிகிரி செல்சியஸில் 25 நிமிடம் வைக்கிறேன்.

ஸ்கோன் மேலே எழும்புவதே இல்லை, பக்கவாட்டில் பரந்துவிடுகிறது. எடுத்தால் பொலபொலவென்று உதிர்கிறது. மெல்லும்போது நறநறவென்று இருக்கிறது. மேலே தெரியும் திராட்சை கருகிக் கசக்கிறது. மறுநாள் கடிக்கவே முடியாத அளவுக்கு இறுகிவிடுகிறது. பேக்கிங் பவுடரைக் கூட்டினால் சரியாகுமா? அல்லது மாவையே மாற்ற வேண்டுமா?

---

அளவுக்கரண்டி:

பேக்கிங் பவுடரை மட்டும் கூட்டினால் சரிவராது. உங்கள் அளவில் நான்கு விஷயங்கள் ஒன்றுக்கொன்று எதிராக வேலை செய்கின்றன. ஆனால் நல்ல செய்தி ஒன்று: க்ளூட்டன் இல்லாமல் செய்வதற்கு ஸ்கோன் மிகவும் தோதான பண்டம். ரொட்டிக்கு மாவு இழுபட வேண்டும், அதற்கு க்ளூட்டன் தேவை. ஸ்கோனில் கோதுமை மாவு போடும்போதுகூட க்ளூட்டன் அதிகம் உருவாகாமல் பார்த்துக்கொள்வதுதான் வழக்கம். எனவே இங்கே நாம் ஈடுகட்ட வேண்டியது இரண்டே இரண்டு: மாவை ஒன்றாகப் பிடித்துவைக்கும் பிசின், உள்ளே தண்ணீரைத் தக்கவைக்கும் தன்மை.

முதலில், தனி அரிசி மாவு. அரிசி மாவின் துகள் கோதுமை மாவைப் போல உடனே ஈரம் உறிஞ்சாது. அரிசி ஸ்டார்ச் வெந்து இளகுவதற்குக் கோதுமை ஸ்டார்ச்சைவிடக் கூடுதல் வெப்பமும் போதுமான தண்ணீரும் வேண்டும். தண்ணீர் போதாமல் நேராக அவனுக்குள் போனால் துகள் நடுவரை வேகாது. அந்த நறநறப்பு அதனால்தான். உதிர்வதற்கும் பாதிக் காரணம் இதுவே.

இரண்டாவது, வெண்ணெய். க்ளூட்டன் இல்லாத மாவு கொழுப்பை அவ்வளவாக இழுத்துக்கொள்ளாது. 250 கிராம் மாவுக்கு 100 கிராம் வெண்ணெய் போட்டால் அது உருகி வெளியே ஓடும். 60 கிராம் தாராளம்.

மூன்றாவது, வெப்பம். 180 டிகிரி என்பது கேக்குக்கான சூடு. அந்தச் சூட்டில் மாவின் வெளிப்பக்கம் இறுகுவதற்கு முன்பே வெண்ணெய் முழுக்க உருகிவிடுகிறது, வட்டம் தளர்ந்து பரவுகிறது. 220 டிகிரி வேண்டும் (விசிறி உள்ள அவனில் 200). நேரமும் 25 நிமிடம் கூடாது, உள்ளே வறண்டுபோகும்.

நான்காவது, கனம். 1.5 செ.மீ. தட்டினால் எழும்புவதற்கு அங்கே மாவே இல்லை. க்ளூட்டன் இல்லாத ஸ்கோன் கோதுமை ஸ்கோன் அளவுக்கு உயராது என்பதால் வெட்டும்போதே உயரம் இருக்க வேண்டும். 3 செ.மீ., குறைந்தது 2.5.

நம்பிச் செய்யக்கூடிய அளவு (5 செ.மீ. கட்டரில் 8 அல்லது 9 வரும்):

மிக நைஸாக அரைத்த அரிசி மாவு 125 கிராம்
உருளைக்கிழங்கு ஸ்டார்ச் 75 கிராம்
மரவள்ளி ஸ்டார்ச் 50 கிராம்
சாந்தன் கம் (மாவைப் பிடித்துவைக்கும் பிசின் தூள்) ½ டீஸ்பூன், தலைதட்டி
பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன்
உப்பு ¼ டீஸ்பூன்
சர்க்கரை 35 கிராம்
வெண்ணெய் 60 கிராம், சில்லென்று, சிறு துண்டுகளாக
முட்டை 1
பால் 110 மி.லி., தேவைப்பட்டால் இன்னும் 15
உலர் திராட்சை 75 கிராம்

மாவு கலக்க ஆரம்பிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு திராட்சையை வெந்நீரில் 10 நிமிடம் ஊறவைத்து, வடித்து, துணியில் ஒற்றி எடுத்து முழுக்க ஆறவிடுங்கள். ஊறாத திராட்சை மாவிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஒற்றாமல் போட்டால் அதைச் சுற்றி ஈரத் திட்டுகளாக வேகாமல் நிற்கும்.

உலர்ந்த பொருட்கள் எல்லாவற்றையும் இரண்டு முறை சலியுங்கள். சாந்தன் கம் ஒரே இடத்தில் நின்றுவிட்டால் அங்கே கொழகொழவென்று ஒரு கட்டி வரும், பிறகு கரைக்க முடியாது. வெண்ணெயை விரல் நுனியால் உதிர்த்து, ரவைப் பதத்தில் நடுநடுவே பட்டாணி அளவுத் துண்டுகள் தெரியும்போது நிறுத்துங்கள். திராட்சையைப் போட்டுப் பிரட்டி, முட்டையும் பாலும் அடித்த கலவையை ஒரே தடவையில் ஊற்றி, கத்தி முனையால் கலக்குங்கள்.

இப்போது கிண்ணத்தில் இருப்பது தளர்வாக, பிசுபிசுப்பாக இருக்கும். கூடுதல் மாவு போடத் தோன்றும். போடாதீர்கள். மூடி 20 நிமிடம் ஃப்ரிஜ்ஜில் வையுங்கள். அரிசி மாவு அந்த நேரத்தில் ஈரத்தை உள்ளே வாங்கி, கலவை தானாகவே தட்டும் பதத்துக்கு வந்துவிடும். “கையில் ஒட்டாத பதம்” என்று நீங்கள் எழுதியிருப்பது கோதுமை மாவுக்கான அளவுகோல். இங்கே கையில் கொஞ்சம் ஒட்டத்தான் வேண்டும்.

பலகையில் மரவள்ளி ஸ்டார்ச் தூவி, மாவை நாலைந்து முறை மெதுவாக மடித்துத் தட்டுங்கள். இதில் க்ளூட்டன் இல்லை, அதனால் மடித்தால் அழுத்தமாகிவிடும் என்ற பயம் தேவையில்லை. மடிப்பதால் சாந்தன் கம் பிடித்து விளிம்பு வெடிக்காமல் வரும். வெண்ணெய் இளகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டரை அதே ஸ்டார்ச்சில் தோய்த்து நேராக அழுத்தி நேராக எடுக்க வேண்டும். திருகினால் ஓரம் நசுங்கி ஒட்டிக்கொள்ளும், ஸ்கோன் ஒரு பக்கம் சாய்ந்து எழும். மேலே துருத்தும் திராட்சையை விரலால் உள்ளே அழுத்திவிடுங்கள், கருகாது.

தட்டில் வட்டங்களுக்கு நடுவே 1 செ.மீ. மட்டும் விடுங்கள். பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தாங்கி மேலே போகும். மேலே பால் தடவலாம். அது ஓரத்தில் வழியக் கூடாது, வழிந்த இடம் இறுகி அந்தப் பக்கம் எழும்பாது. நன்றாகச் சூடேறிய அவனில் 14 முதல் 16 நிமிடம். வெப்பமானி இருந்தால் நடுவில் 96 டிகிரி வர வேண்டும். நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். அரிசி மாவு வெளிறித்தான் இருக்கும், நல்ல பொன்னிறத்துக்குக் காத்திருந்தால் உள்ளே காய்ந்துவிடும்.

---

வெண்ணெய்க்கட்டி:

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒரு விஷயத்துல மட்டும் கவனமா இருங்க: அந்த 20 நிமிஷ ஊறல். அது உங்ககிட்ட இருக்கற பேக்கிங் பவுடரைப் பொறுத்தது. ரெண்டு கட்டமா வேலை செய்யற வகைன்னா பெரும்பகுதி வாயு சூட்டுலதான் வரும், ஃப்ரிஜ்ல 20 நிமிஷம் இருந்தா ஒண்ணும் ஆகாது. வீட்டுலயே சோடாவும் க்ரீம் ஆஃப் டார்ட்டரும் (ஒரு புளிப்புத் தூள்) கலந்து வச்சுக்கிட்டீங்கன்னா அது ஈரம் பட்ட உடனே பொங்க ஆரம்பிச்சிடும். அதைப் போட்டுட்டு 20 நிமிஷம் விட்டா அவனுக்குள்ள போகும்போது பாதி சக்திதான் மிச்சம். அப்படின்னா ஊறல் 10 நிமிஷம் போதும், மாவை இன்னும் நைஸா சலிச்சு எடுத்துக்குங்க.

இதே காரணத்துக்காகத்தான் இந்த முறையில கெட்டி மோர் வேண்டாம், பாலே போதும்னு சொல்றேன். மோரோட புளிப்பு பவுடர்ல இருக்கற சோடாவோட முன்கூட்டியே சேர்ந்து வாயுவை வெளியேத்திடும். மோர் ருசி கட்டாயம் வேணும்னா, 120 மி.லி. மோருக்கு ¼ டீஸ்பூன் சோடா, பேக்கிங் பவுடர் 2 டீஸ்பூனாக் குறைச்சு, ஊறவிடாம உடனே அவன்ல வைக்கணும். கொஞ்சம் நறநறப்பு இருக்கும், அதை ஏத்துக்கணும். என் கணக்குல நறநறப்பு இல்லாம இருக்கறதுதான் முக்கியம்.

பவுடர் பழசான்னு பாக்க, அரை கப் வெந்நீர்ல 1 டீஸ்பூன் போடுங்க. சட்டுன்னு நுரைச்சு மேல வரணும். சோம்பலா நாலு குமிழி வந்தா தூக்கிப் போட்டுடுங்க. அதே சமயம் 3 டீஸ்பூனுக்கு மேல போகாதீங்க. அதிகமானா வேகமா எழும்பி நடுவுல உக்காந்துடும், நாக்குல சோப்பு மாதிரி ஒரு கசப்பு நிக்கும்.

கப் கணக்கு வேண்டாம், தராசு வச்சுக்குங்க. அரிசி மாவு, மரவள்ளி ஸ்டார்ச், உருளைக்கிழங்கு ஸ்டார்ச் மூணும் ஒரே கப்புல வேற வேற எடை வரும். அழுத்தி அள்ளினா இன்னும் மாறும். இருபது கிராம் கூடினாலே இந்தக் கலவை வறண்டுடும்.

இன்னொண்ணு. வறுத்த அரிசி மாவு வேண்டாம். வறுத்தது பச்சை மாவைவிட வேற அளவு தண்ணி கேக்கும், இந்த அளவு பொருந்தாது. பச்சை அரிசி மாவைத் துணியில சலிச்சு, ரெண்டு விரலுக்கு நடுவுல தேச்சுப் பாருங்க. துகள் தட்டுப்பட்டா இன்னொரு முறை அரைக்கணும்.

அவன் தட்டையும் அவனோட சேத்தே சூடேத்துங்க. பட்டர் பேப்பர்ல வட்டங்களை அடுக்கி, பேப்பரோட அந்தச் சூடான தட்டுல இழுத்து வைங்க. அடியில உடனே சூடு பட்டா பரவறதுக்கு முன்னாடியே அடிப்பக்கம் பிடிச்சிடும்.

---

தனித்தட்டு:

செலியாக் உள்ளவருக்கு என்று கேட்டிருப்பதால் இதைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்கோன் பரந்து போனாலும் சாப்பிட்டுவிடலாம். மாவில் கோதுமை கலந்தால் அவருடைய குடல் பாதிக்கப்படும். உடனே அறிகுறி தெரியாவிட்டாலும் பாதிப்பு இல்லை என்று அர்த்தமில்லை.

கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரத்தின்படி “க்ளூட்டன் இல்லாதது” என்றால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது. அவ்வளவு குறைவு. ஆகவே அரிசி மாவு இயல்பிலேயே க்ளூட்டன் இல்லாதது என்பது மட்டும் போதாது. கோதுமை அரைத்த அதே எந்திரத்தில் அரைத்த அரிசி மாவு இவருக்கு ஆகாது. பாக்கெட்டில் க்ளூட்டன் இல்லை என்ற குறிப்பு இருக்க வேண்டும். “கோதுமை இல்லை” என்ற குறிப்பு வேறு. பார்லியும் ரை (rye) என்ற தானியமும் கோதுமை அல்ல, ஆனால் இரண்டிலும் க்ளூட்டன் உண்டு.

உங்கள் பட்டியலில் நான் சந்தேகப்படும் பொருட்கள் இரண்டு. ஒன்று பேக்கிங் பவுடர்: கட்டி பிடிக்காமல் இருக்கச் சில வகைகளில் கோதுமை ஸ்டார்ச் சேர்ப்பார்கள். சோள ஸ்டார்ச் அல்லது அரிசி மாவு சேர்த்ததாக எடுங்கள். இரண்டாவது உலர் பழம். திராட்சை பெரும்பாலும் பிரச்சினை இல்லை. நறுக்கிய பேரீச்சையும் அத்தியும் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க ஓட்ஸ் மாவில் புரட்டி விற்பது உண்டு. முழுப் பேரீச்சையாக வாங்கி வீட்டில் நறுக்கிக்கொள்வது நல்லது.

ஓட்ஸ் மாவு சேர்த்தால் ருசி கூடும் என்று யாராவது சொல்வார்கள். சாதாரண ஓட்ஸில் கோதுமையும் பார்லியும் வயலிலும் ஆலையிலும் கலந்திருக்கும். க்ளூட்டன் இல்லாதது என்று குறித்த ஓட்ஸைக்கூடச் சிலர் உடம்பு ஏற்பதில்லை. சாப்பிடப்போகிறவர் ஏற்கெனவே ஓட்ஸ் சாப்பிடுகிறவராக இருந்தால் ஒழியத் தவிர்த்துவிடுங்கள்.

பாத்திர விஷயம்: சல்லடை, மரக்கரண்டி, மரப்பலகை, உருட்டுக்கட்டை. இவை நான்கும் கோதுமை மாவுக்குப் பயன்பட்டவை என்றால் கழுவி நம்ப முடியாது. சல்லடைக் கம்பி இடுக்கிலும் மர இழையிலும் மாவு தங்கும். தனியாக ஒரு சல்லடை வைத்துக்கொள்ளுங்கள். பலகைக்குப் பதில் பட்டர் பேப்பர் விரித்தால் போதும். எவர்சில்வர், கண்ணாடிப் பாத்திரங்களைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவினால் சரி. அதே அடுப்படியில் கோதுமை மாவு சலித்த கையோடு இதை ஆரம்பிக்காதீர்கள், பறக்கும் மாவு அடங்க நேரமாகும். முதலில் இதைச் செய்து மூடிவைத்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். வெண்ணெயும் ஜாமும் தனி டப்பாவிலிருந்து எடுங்கள். ரொட்டித் தூள் ஒட்டிய கத்தி போய்வந்த டப்பா வேண்டாம்.

---

ஈரமாவு:

மூன்று பேருக்கும் நன்றி. அரிசி மாவு, ஸ்டார்ச் இரண்டும் குறிப்பு பார்த்து வாங்கிவிடலாம், சல்லடையும் புதிது வாங்கிக்கொள்கிறேன். இன்னும் மூன்று கேள்விகள். முட்டை சேர்க்க முடியாது, அதற்கு என்ன செய்வது? சாந்தன் கம்முக்குப் பதில் இசப்கோல் போடலாமா? உலர் திராட்சைக்குப் பதில் புதுப் பழம் போட்டால் அளவு எப்படி மாறும்?

---

அளவுக்கரண்டி:

முதல் இரண்டு கேள்விக்கும் ஒரே விடை இருக்கிறது. இசப்கோல் உமி 5 கிராம் எடுத்து, 150 மி.லி. பாலில் கலக்கி 5 நிமிடம் விடுங்கள். கெட்டியாகக் கூழ் போல ஆகும். முட்டை, சாந்தன் கம் இரண்டையும் விட்டுவிட்டு, இதை அப்படியே ஊற்றிக் கலக்கலாம். பிசையும்போது வறண்டால் இன்னும் 10, 15 மி.லி. பால். முட்டையில் இருக்கும் புரதம் வெந்து இறுகித் தாங்குவது போல இது தாங்காது. உயரம் கொஞ்சம் குறையும், ஆனால் உதிராது. மறுநாள் மென்மையும் முட்டை போட்டதைவிட நன்றாக நிற்கும். கடைப் பாக்கெட்டில் இனிப்பும் நிறமும் சேர்த்த இசப்கோல் இருக்கிறது, அது வேண்டாம். உமி மட்டும் உள்ளதை எடுங்கள். சில வகை வெந்ததும் மங்கலான ஊதா நிறம் தரும், அது கெட்டதற்கு அடையாளம் இல்லை.

இசப்கோலையும் சாந்தன் கம்மையும் முழு அளவில் சேர்த்துப் போடாதீர்கள். ரப்பராகிவிடும். கடையில் கலந்து விற்கும் க்ளூட்டன் இல்லாத மாவு வாங்கினாலும் பின்பக்கத்தைப் படியுங்கள். அதில் ஏற்கெனவே சாந்தன் கம் இருந்தால் நீங்கள் போட வேண்டாம், பேக்கிங் பவுடர் இருந்தால் 1 டீஸ்பூன் மட்டும் கூடுதலாகச் சேருங்கள்.

புதுப் பழத்தில் நல்லது புளூபெர்ரி போன்ற சிறு பழம், 100 கிராம். உறைந்ததாக இருந்தால் இளகவிடாமல் ஃப்ரீசரிலிருந்து நேராகப் போட வேண்டும். இளகினால் சாறு விட்டு மாவு முழுக்கச் சாம்பல் நிறமாகும். பாலை 20 மி.லி. குறையுங்கள், அவனில் 2 நிமிடம் கூட்டுங்கள். ஆப்பிள் என்றால் 1 செ.மீ. துண்டாக நறுக்கி, காகிதத்தில் ஒற்றி, அதே 100 கிராம். மிகவும் சாறு விடும் பழங்களை ஸ்கோனுக்குள் போடாமல் பக்கத்தில் வைத்துப் பரிமாறுவதே மேல். அவற்றைச் சுற்றி மாவு எப்போதும் பச்சையாகவே நிற்கும்.

---

வெண்ணெய்க்கட்டி:

மறுநாள் இறுகறதைப் பத்தி யாரும் முழுசாச் சொல்லலை. வெந்த ஸ்டார்ச் ஆறினதும் மறுபடி இறுகும், அதுல அரிசி மாவு ரொம்ப வேகம். ஃப்ரிஜ்ல வச்சா வெளியில வச்சதைவிட சீக்கிரம் இறுகும், அதனால மிச்சத்தை ஃப்ரிஜ்ல வைக்கவே வைக்காதீங்க. அன்னிக்குச் சாப்பிடாததை முழுக்க ஆறினதும் காத்துப் போகாம மூடி ஃப்ரீசர்ல போடுங்க. எடுத்து இளகவிட்டு 160 டிகிரியில 8 நிமிஷம் சூடு பண்ணினா ஸ்டார்ச் திரும்ப இளகி மிருதுவாயிடும். மைக்ரோவேவ்னா 20 செகண்ட், ஆனா உடனே சாப்பிட்டுடணும். ஆறினா முன்னைவிட மோசம்.

இதைவிட நல்ல வழி, வெட்டின வட்டங்களைப் பச்சையாவே தட்டுல வச்சு உறையவிட்டு, கெட்டியானதும் பையில போட்டு வைக்கறது. வேணுங்கற அன்னிக்கு இளகவிடாம நேரா 220 டிகிரி அவன்ல. 14 நிமிஷம்னு சொன்ன இடத்துல 18 நிமிஷம் ஆகும். வெண்ணெய் நல்லா உறைஞ்சிருக்கறதால இது இன்னும் கம்மியாத்தான் பரவும். இதுக்கும் ரெண்டு கட்ட பேக்கிங் பவுடர்தான் வேணும்.

சுட்ட உடனே பிளக்காதீங்க. தட்டுலேர்ந்து கம்பி வலைக்கு மாத்தி 15 நிமிஷம் விடுங்க. சூட்டோட பிளந்தா நடுவுல கொழகொழன்னு தெரியும். உள்ள இருக்கற ஆவி அடங்கினதும் அதுவே பதமா வந்துடும். 15 நிமிஷம் கழிச்சும் கொழகொழப்பா இருந்தாதான் வேகலைன்னு அர்த்தம், இல்லைன்னா மரவள்ளி ஸ்டார்ச் அளவு மீறிப் போச்சு.

---

ஈரமாவு:

இசப்கோல் அளவிலேயே செய்கிறேன். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் போட்டால் அதே 60 கிராமா?

---

அளவுக்கரண்டி:

இல்லை, 50 கிராம். வெண்ணெயில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு அல்லாதது, பெரும்பாலும் தண்ணீர். எண்ணெய் முழுக்கக் கொழுப்பு. குறையும் ஈரத்துக்குப் பாலை 10 மி.லி. கூட்டுங்கள். எண்ணெயை ஃப்ரிஜ்ஜில் கெட்டியாக்கி, கத்தியால் சீவிப் போட வேண்டும். அது கைச்சூட்டிலேயே இளகிவிடும் என்பதால் விரலால் உதிர்க்காமல் முள்கரண்டியால் கலக்குங்கள், வெட்டிய வட்டங்களையும் அவனில் வைப்பதற்கு முன் 10 நிமிடம் ஃப்ரீசரில் வைத்து எடுங்கள்.